வெட்டியெடுத்த மூச்சுகள்

முதலில் கேட்டது வெறும் மூச்சு. பயப்பட அதில் எதுவுமே இல்லை. பாட ஆரம்பிக்கும் முன்னால் மூக்கால் சட்டென்று காற்றை இழுத்துக்கொள்வார்களே, அரை நொடிகூட நிற்காத அந்தச் சின்னச் சத்தம், ஹெட்போனின் வலது பக்கத்திலிருந்து வந்தது. கேட்ட மாத்திரத்தில் அக்கா வாயைத் திறந்தாள். காலையிலிருந்து பதினாறு தடவை பாடியும் தாளத்துக்கு முன்னேயோ பின்னேயோ விழுந்து மானத்தை வாங்கிக்கொண்டிருந்த வரி, பதினேழாவது தடவை அச்சாகப் போய் உட்கார்ந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். காலடிச் சத்தமே கேட்காமல் நடப்பதால் அவருக்குப் பூனை என்று பேர் விழுந்து இருபது வருடம் ஆகிறது. அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டை வரவழைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. அப்படிப்பட்டவர் பேச்சு மைக்கை அழுத்தி, இதைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தோம் மேடம் என்றார்.

அந்த மூச்சு எந்தப் பதிவிலிருந்து வருகிறது என்று அக்கா கேட்டாள். பூனை மறுபடி ஓட்டிக் காட்டினார். அவள் வரிக்கு முன்னால் திரையில் நேர்கோடு, சத்தம் என்று ஒரு பொட்டுகூட இல்லை. அவளுடைய மூச்சே அவளுக்குக் கேட்டிருக்கும் என்று அவர் சொல்ல, இருக்கும் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். நல்ல டேக் கிடைத்தவள் அதைப் போய் நோண்டிக்கொண்டிருப்பாளா என்ன.

அவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். முப்பது வருடமாக நாட்டுப்பாட்டை எடுத்து ராக் இசையில் போட்டுப் பாடியவள். அறுவடைப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பின்னால் மின்கிட்டாரை அலறவிட்டு, மேடையில் செருப்பில்லாமல் நின்று கூட்டத்தைக் கிறங்கடித்தவள். அவளுக்கு வலது பக்கம் ஒரு அடி தள்ளி எப்போதும் அவள் தங்கை நிற்பாள். போஸ்டரில் தங்கையின் முகம் பாதிதான் தெரியும். ஆனால் பாட்டின் உச்சியில், அக்கா எட்டாத இடத்தில், நூல் மாதிரி ஒரு குரல் ஏறி நிற்குமே, அது தங்கையுடையது.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தொடங்குகிற வேலையே கிடையாது. தங்கை மூச்சை இழுத்தால் பாட்டு தொடங்கும். அடுத்த மூச்சை இழுத்தால் வரி முடியும். டிரம்ஸ்காரரே தாளத்தை விட்டுவிட்டு அவள் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கை தும்முவதற்காக மூச்சை இழுக்க, வாயில் கவளத்தோடு அக்கா கணீரென்று பாட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குக் குழுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. சிரித்துச் சிரித்துத் தங்கைக்கு இரைப்பு வந்து, பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து உறிஞ்ச வேண்டியதாயிற்று. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த மூச்சிரைப்பு இருந்தது.

ஐம்பது தாண்டியதும் அக்காவின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. மேல் ஸ்தாயியில் நின்றால் விரிசல் விட்டது. பாட்டு போய்விட்டால் தான் யார் என்கிற கேள்வி விடியற்காலையில் அவளை எழுப்பி உட்காரவைத்தது. சமையல் தெரியாது, சேர்ந்து வாழ ஆளில்லை, பிள்ளை இல்லை. பாடுவதைத் தவிர அவளிடம் ஒன்றுமே கிடையாது. அந்தச் சமயத்தில்தான் கடைசிக் கச்சேரி நடந்தது. கைதட்டல் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தாள். வலது பக்கம் போயிற்று. அவளுக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த ஆல்பம் முழுக்க சின்தசைசர்தான் என்று அறிவித்தாள். கிட்டார்கள் உறைக்குள் போயின. டிரம்ஸ்காரருக்குப் பதில் ஒரு பெட்டி துடித்தது. பழைய ரசிகர்கள் அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, இசை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அடியில் இருந்து மின்சாரம் மாதிரி ரீங்காரம் எழும்பி வர, அதன் மேல் அந்தப் பழைய ஒப்பாரி மிதந்தபோது பூனைக்கே புல்லரித்தது. ஆனால் உச்சியில் நிற்க அந்த நூல்குரல் வேண்டுமே. குரல் வேண்டும், குரலுக்குச் சொந்தக்காரி வேண்டாம்.

அதனால் தங்கையைக் கூப்பிட்டாள். மேடையில் உனக்கு முடியாத அன்றைக்கு உதவும் என்று சொல்லி, இரண்டு நாள் அந்தப் பாடும் அறையில் நிறுத்திவைத்தாள். வார்த்தை கிடையாது. வெறும் ஆ, வெறும் ஓ. ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெல்லமாக ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை, முழுக்குரலில் ஒரு தடவை, மூச்சு தீருகிற வரைக்கும் பிடிக்க வேண்டும். தங்கைக்கு இரைத்தது. உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு மறுபடி எழுந்து நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அக்கா பேச்சு மைக்கில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தங்கை போனபின் பூனை வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு ஸ்வரத்தின் வாலையும் தலையையும் ஒட்டு தெரியாமல் சேர்த்துவிட்டால் அது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் குரல் நிற்காது. லூப் என்பார்கள். மூச்சை மட்டும் கொஞ்சம் விட்டுவைக்கலாமா, இருந்தால்தான் மனுசக் குரலாகக் கேட்கும் என்று அவர் தயங்கினார்.

"மனுசக் குரல் வேணும்னா மனுசியையே வெச்சுட்டிருப்பேனே," என்றாள் அக்கா. "ஒண்ணு விடாம வெட்டுங்க."

வெட்டினார். இருநூற்றுச் சொச்சம் மூச்சுகள். ஒவ்வொன்றாக எடுத்து அழித்தார்.

முதல் பாட்டு வெளியான அன்று மத்தியானம் தங்கை அதை எங்கேயோ ஒரு கடையில் கேட்டிருக்கிறாள். உச்சியில் தன் குரல். பேர் பட்டியலில் தன் பேர் இல்லை. நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாள். பூனை அன்று விடுப்பு. அக்கா தானே பொத்தானை அழுத்திவிட்டுத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அன்று உள்ளே தாழிட்டிருந்த கனமான கதவின் மேல்பாதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் தங்கையின் முகம் தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சண்டை போட வந்திருக்கிறாள் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். அப்புறம் தங்கை கழுத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தாள். பையைத் துழாவினதையும் பார்த்தாள், கை வெறுமனே வெளியே வந்ததையும் பார்த்தாள். டேக் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

பாட்டு முடிந்து கதவைத் திறந்தபோது தங்கை மூச்சடங்கிப் படியில் சாய்ந்து கிடந்தாள். கேட்டவர்களிடம் எல்லாம் அக்கா, உள்ளே இருந்தால் வெளியே நடப்பது எதுவும் தெரியாது என்று சொன்னாள். எல்லாரும் நம்பினார்கள். மூன்று மாதம் ஆயிற்று. எட்டுப் பாட்டு முடிந்து, இன்று ஒன்பதாவது, கடைசி.

இந்தப் பாட்டுக்கு அடியில் முதலிலிருந்து முடிவு வரை தங்கையின் ஒரே ஸ்வரம், நாலரை நிமிடம், வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பதினேழாவது டேக்குக்குப் பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் வலது காதில் அந்த மூச்சு. அக்கா வாயைத் திறந்தால் சரியான இடம். மூன்றாவது சரணத்தில் மேலே போக வேண்டிய இடம் வந்தது. ஐந்து வருடமாக அவள் தொடாத ஸ்வரம். மூச்சு கேட்டது, போனாள், நின்றாள். விரிசல் இல்லை, கரகரப்பு இல்லை. இருபத்தைந்து வயதுக் குரல் தொண்டையிலிருந்து புறப்பட்டு வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயமா என்று கேட்டால், இருந்தது. யாருடைய மூச்சு என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. செத்தும் தனக்கு உதவத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு எப்போதுமே அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

டீ குடிக்க நடைக்கு வந்தபோது போன் அடித்தது. தங்கை மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அதிர்ந்து பேசாத பெண். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது, கதவை மூடினாள் போல, அடங்கியது. திட்டுவதற்குக் கூப்பிடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"அந்தப் பாட்டைக் கேட்டேன் பெரியம்மா. அம்மா எங்கயுமே மூச்சு விடல. நானும் கூடவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுப் பாத்தேன். என்னால முடியல."

மிஷின் அப்படித்தான்மா என்று அக்கா சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டாள். நடையில் கார்பெட்டின் ஈர வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது. கசப்பாக, மருந்தும் பிளாஸ்டிக்கும் கலந்தாற்போல.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு அம்மா கதவைத் தட்டினாங்களா?"

"சத்தம் உள்ள வராதும்மா," என்றாள் அக்கா. பொய்யில்லை. சத்தம் வராதுதான்.

அப்போது வலது காதருகே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஹெட்போன் இல்லை, போன் இருந்தது இடது காதில். அக்காவின் வாய் திறந்தது. அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்ட பிள்ளையிடம், போனில், கணீரென்று, முதல் சரணத்தின் முதல் வரியைப் பாடினாள். நிறுத்தப் பார்த்தாள். உதட்டைக் கடிக்கப் பார்த்தாள். தாடை அவள் பேச்சைக் கேட்கவில்லை. வரி முடிகிற இடத்தில் இன்னொரு மூச்சு கேட்டது. அப்போதுதான் வாய் மூடியது. அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

டீ அவள் கையிலேயே ஆறி, ஆடை கட்டியது. முகத்தில் ஈயாடவில்லை. உதவ வந்தவள் இப்படிச் செய்வாளா? இனி அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் தன் முகத்தில் விழிக்காது. தங்கை தெரிந்தேதான் செய்திருக்கிறாள், தனக்கிருந்த ஒரே சொந்தத்தையும் பிடுங்கிக்கொண்டாள் என்று அவளுக்கு உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். வெளியே பட்டப்பகல், வெயில், பஸ் சத்தம், ஜனங்கள்.

பூனை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு வரிதான் பாக்கி மேடம் என்றார். கடைசி வரி. உச்சிக்குப் போய் நின்று முடிக்கிற வரி.

போயிருக்கலாம். அதுதான் சொல்கிறேன், யாரும் பிடித்து நிறுத்தவில்லை. ஆனால் அந்த ஸ்வரத்தில் இன்னொரு தடவை நிற்க வேண்டும் என்று அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. இதோடு முடிந்துவிடும், இது ஒன்று பதிவாகிவிட்டால் அக்கா குரல் போய்விட்டது என்று எவனும் வாய் திறக்க முடியாது. பையைக் கீழே வைத்தாள். தங்கையின் குரலைப் பாட்டிலிருந்தே தூக்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பூனை திகைத்தார். மொத்தப் பாட்டும் அதன் மேல்தானே நிற்கிறது என்றார். தூக்குங்கள் என்றாள். தூக்கினார். அவள் உள்ளே போனாள். கதவு தன் கனத்தோடு வந்து சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹெட்போனில் இப்போது எதுவுமே இல்லை. தாளப்பெட்டி மட்டும் தூரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் பஞ்சு, அந்த அறையில் சத்தம் போட்டால் திரும்பி வராது. தன் இதயம் அடிப்பது அவளுக்குக் காதுக்குள் கேட்டது, எச்சில் விழுங்குவது கேட்டது, மைக்கின் மேல் போட்ட துணியிலிருந்து பழைய எச்சில் வாடையும் அதோடு அந்தக் கசந்த மருந்து வாடையும் வந்தது. வலது பக்கம் பார்க்கக் கூடாது என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு தட்டு. மூன்று. இரண்டு.

மூச்சு கேட்டது.

அக்கா பாடினாள். வரி ஏறியது, படிப்படியாக, சிரமமே இல்லாமல், உச்சியில் போய் நின்றது. என்ன குரல்! பூனை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சுத்தமான, வயசே இல்லாத ஸ்வரம். அவள் வாழ்நாளில் இப்படி நின்றதில்லை. எட்டுத் தட்டு நிற்க வேண்டும். எட்டும் முடிந்தது.

முடிக்க வேண்டும். முடிப்பதற்கு அடுத்த மூச்சு வர வேண்டும்.

வரவில்லை.

பன்னிரண்டு தட்டு. பதினாறு. பூனை கண்ணைத் திறந்து புன்னகைத்தார், கையால் போதும் என்று காட்டினார். வாயை மூடு, வாயை மூடு என்று அக்கா தனக்குள் கத்தினாள். மூடவில்லை. விலா எலும்புகள் உள்ளே இறுகின. நெஞ்சில் காற்றில்லை. துளிகூட இல்லை. குரல் மட்டும் வந்தது. எங்கிருந்து வருகிறது? ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அறைக்குள்ளும் அதே ஸ்வரம். அவளுடையது. வயிற்றை அமுக்கினாள். கழுத்தைப் பிடித்தாள்.

பூனையின் முகம் மாறியது. எழுந்தார். நாற்காலி சுழன்றது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினார். "மேடம். மேடம், மூச்சு விடுங்க." உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார். ஸ்வரம் மூக்கு வழியே வந்தது. இம்மியும் இறங்காமல்.

கண் இருட்டியது. முழங்கால் மடங்கியது. அவரும் கூடவே தரையில் உட்கார்ந்து அவளைத் தாங்கிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே கண்ணாடி தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பூனை விட்டுப்போன நாற்காலியில், தங்கை உட்கார்ந்திருந்தாள். திரையில் அக்காவின் குரல் ஒரே தடிமனில், இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அதைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. உதடுகளை இறுக்கமாக மூடிக்கொண்டு, சின்ன வயதில் தண்ணீருக்குள் யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் கட்டும்போது செய்வாளே, அப்படி, கன்னத்தை உப்பவைத்து, விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.